ரோஸ்லினின் முகத்துக்கு ஏற்ற முகமூடி

ஹைதராபாத் லாலாகுடா ரயில்வே பணிமனையில் வரைபடப் பிரிவு என்று ஒன்று உண்டு. அங்கே எனக்கு எதிர் மேஜை ரோஸ்லினுடையது. மூன்றே முக்கால் அடி உயரம், சக்கர நாற்காலி, எப்போதும் பளிச்சென்ற நிறத்தில் ஒரு குர்தா. பிறவியிலேயே எலும்பு சுலபமாக முறிந்துவிடும் கோளாறு அவளுக்கு. நாற்பத்திரண்டு வயதுக்குள் முப்பத்தொரு முறிவுகள். ஒரு தடவை தும்மியதிலேயே விலா எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. அதைச் சொல்லும்போதும் சிரிப்பாள்.

அவளுடைய அப்பா தூத்துக்குடியிலிருந்து இதே பணிமனைக்கு வெல்டராக வந்தவர். இவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். அதனால் தூத்துக்குடித் தமிழும் ஹைதராபாத் உருதுவும் ஒரே மூச்சில் வரும். கணவர் தியாகு, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். மல்காஜ்கிரியில் அவள் வீட்டு மாடிக்குக் குடிவந்தவர். “சாப்பாடு நல்லாருக்குன்னு கீழ வந்தான். அப்புறம் மாடிக்குப் போகவே இல்ல” என்பாள்.

போன வருஷம் மழைக்காலத்தில் ரோஸ்லின் மேஜையிலேயே தூங்க ஆரம்பித்தாள். மவுஸைப் பிடித்த கை அப்படியே இருக்கும், தலை மட்டும் சரியும். காலையில் வரும்போதே தலைவலி. ஒருநாள் ரயில் பெட்டியின் அடியில் பொருத்தும் ஒரு தாங்கியின் படத்தில், இருபத்திரண்டு மில்லிமீட்டர் துளையை முப்பத்திரண்டு என்று போட்டுவிட்டாள். எங்கள் மேலதிகாரி சுப்பிரமணியம் சார் அது பட்டறைக்குப் போவதற்கு முன் பார்த்துவிட்டார். திட்டவில்லை. “நாலு நாள் லீவு போடும்மா” என்றார். அதுவரை பதினெட்டு வருஷத்தில் அவள் படத்தை யாரும் திருத்தியதில்லை.

அன்று சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

“எனக்கு மூளை மழுங்குது சௌம்யா.”

“ராத்திரி தூங்குறியா, இல்லையா?”

“எட்டு மணி நேரம் தூங்குதேன். எந்திரிச்சா மூட்டை தூக்கின மாதிரி இருக்கு.”

அவளுக்குத் தெரியாமல் தியாகுவுக்கு போன் செய்தேன். அவர் சொன்னார்: “தூக்கத்துல அவளுக்கு மூச்சு நின்னு போகுதுங்க. தோளைத் தொட்டா திரும்ப வருது. ஏழு மாசமா தொட்டுக்கிட்டுதான் இருக்கேன்.”

“ஏன் அவகிட்ட சொல்லல?”

“சொன்னா தூங்கவே பயப்படுவா. ஆஸ்பத்திரின்னாலே அவளுக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு.”

எனக்கு வந்த கோபத்துக்கு நன்றாகத் திட்டினேன். அன்று சாயங்காலமே அவளிடம் சொல்லிவிட்டார். “கைக்கு? ஏன் மறைச்சே?” என்று உருதுவும் தமிழுமாகக் கேட்டவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எனக்கு போன் வந்தது. “டாக்டரைப் பாக்கப் போறோம், நீயும் வா. இவன் பாதி விஷயத்தை மறைச்சிருவான்.”

ஹப்சிகுடாவில் ஒரு ஆஸ்பத்திரி. காத்திருக்கும் இடத்தில் தியாகு நாற்காலியில் சாய்ந்து குறட்டைவிட்டுத் தூங்கிப்போனார். நர்ஸ் வந்து அவரைத்தான் தட்டி எழுப்பினாள், நோயாளி அவர் என்று நினைத்து. ரோஸ்லின் கையை உயர்த்தி, “பேஷண்ட் நேனண்டி” என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தவளுக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. ஏழு மாதத் தூக்கம் அந்த முகத்தில் பாக்கி இருந்தது.

டாக்டர் தேஜஸ்வினி ஒரு ராத்திரி அங்கேயே தூங்க வைத்துப் பரிசோதிக்கச் சொன்னார். உடம்பெல்லாம் ஒயர் ஒட்ட வந்த பிந்து என்ற பெண்ணுக்கு ரோஸ்லின் முதலிலேயே உத்தரவு போட்டாள்: கையைப் பிடித்து இழுக்காதே, கழுத்தைத் திருப்பாதே, தூக்குவதென்றால் முதுகுக்கும் தொடைக்கும் அடியில் கை கொடு. பிந்து ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் செய்தாள்.

மணிக்கு முப்பத்தேழு தடவை மூச்சு தடைபட்டது என்று ரிப்போர்ட் வந்தது. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைக்கிறது. விலாக்கூடு சின்னதாக இருப்பதாலும் முதுகு வளைந்திருப்பதாலும் அவளுக்கு அது இன்னும் கஷ்டம் என்று டாக்டர் விளக்கினார். இந்த எலும்புக் கோளாறு உள்ளவர்களுக்கு மண்டையோடு கழுத்து சேரும் இடத்தில் எலும்பு உள்ளே அழுத்தலாம் என்று ஸ்கேனும் எடுத்தார்கள். நல்லவேளை, அப்படி எதுவும் இல்லை. கீழ்த்தாடையை முன்னே தள்ளிவைக்க வாயில் மாட்டும் கருவி ஒன்று உண்டாம். ஆனால் அவள் பற்களும் சாக்பீஸ் மாதிரிதான். பல் டாக்டர் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். கடைசியில் காற்றை மெல்ல உள்ளே செலுத்தும் மெஷினும் முகமூடியும் என்று முடிவானது.

அந்த முகமூடியில்தான் வந்தது சிக்கல். காற்று கசியாமல் இருக்க வாரை இறுக்க வேண்டும். இறுக்கினால் கன்னத்து எலும்பு வலித்தது. மூன்றாம் நாள் காலை முகத்தில் செக்கச் செவேலென்று இரண்டு கோடு. “நக்கோ, வேணாம். இனிமே இதை மாட்ட மாட்டேன். மூச்சுவிடப் போயி மூஞ்சி உடையணுமா?” என்று கழற்றி வைத்துவிட்டாள். தியாகு மறுபடி தோளைத் தொட ஆரம்பித்தார்.

அதை அவளால் தாங்க முடியவில்லை. அடுத்த திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவள் ஸ்கிரீனில் ரயில் பெட்டிக்குப் பதிலாக ஒரு முகம் இருந்தது. அவளுடைய முகம், பக்கவாட்டில், அளவுகளோடு.

“பாரு. எல்லா இறுக்கமும் இந்த ஒரு புள்ளியிலதான் விழுது. மண்டை முழுக்கப் பிரிச்சுக் குடுத்தா?”

அந்தப் படத்தை டாக்டரிடம் கொண்டுபோனாள். தேஜஸ்வினி அதை வெகுநேரம் பார்த்தார். மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சின்ன அளவுக் குழாய் போதும் என்றார், கன்னத்தைத் தொடாது. மெல்லிய வாருக்குப் பதில் அகலமான பருத்திக் குல்லா. மல்காஜ்கிரி டெய்லர் ஷர்மிளா அதை இரண்டு தடவை பிரித்துத் தைத்தாள். காற்றின் அழுத்தத்தைக் குறைவாக ஆரம்பித்து, வாரா வாரம் பிந்து பார்த்துப் பார்த்துக் கூட்டினாள். ஐந்தாவது வாரம் ரிப்போர்ட்டில் முப்பத்தேழு நான்காகியிருந்தது.

தலைவலி போய்விட்டது. மேஜையில் தலை சாய்வதும் நின்றது. தியாகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிவரை தூங்கினாராம். மூச்சு இருக்கிறதா என்று இவள் போய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாளாம்.

இப்போது அவளுக்குக் கனவுகள் வருகின்றன. பல வருஷமாக இல்லாதவை மொத்தமாக வருகின்றன. தினமும் காலையில் இட்லி ஆறும்வரை தியாகுவிடம் ஒன்றுவிடாமல் சொல்கிறாள். ஒன்றுக்கும் தலையும் இல்லை, வாலும் இல்லை. “நேத்து கனவுல நானும் சுப்பிரமணியம் சாரும் கடல்ல லாரி ஓட்டுனோம்.” தியாகு கன்னத்தில் கைவைத்து, “லாரி யார் ஓட்டினது, நீயா அவரா?” என்று கேட்கிறார்.