பெருந்துறையில் ஒரு கடற்கரை

அன்புக்கரசி டீச்சருக்கு வலது மணிக்கட்டில் வலி வந்து இரண்டு வருஷமாகிறது. பெருந்துறையை ஒட்டிய நடுநிலைப் பள்ளியொன்றில் பத்தொன்பது வருஷமாக அறிவியல் நடத்துகிறார். நடத்தியதைவிட எழுதியது அதிகம். வாராவாரம் நோட்டில் பாடக்குறிப்பு எழுதி, தலைமையாசிரியை ரங்கநாயகியிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். எழுதுகிற கைக்கு ஓய்வு கொடுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, மாற்றுக் கைக்குச் சீட்டு எழுதித் தருவீர்களா என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை.

ஜூனில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. செயற்கை நுண்ணறிவு ஆசிரியரின் சுமையைக் குறைக்கும் என்பதை நூற்றுப் பதினோரு ஸ்லைடு போட்டு விளக்கினார்கள். உண்மையும்தான், செல்போன் அரை நிமிஷத்தில் பாடக்குறிப்பைக் கொடுத்துவிட்டது. அச்செடுத்து ஒட்டிவிடலாம் என்ற நிம்மதி மறுநாள் காலைவரை இருந்தது. ரங்கநாயகி ஏஐக்கு எதிரியில்லை. தாராளமாகப் பயன்படுத்தச் சொன்னார்; ஆனால் நோட்டில் கையால்தான் எழுத வேண்டும், எழுதினால்தான் மனசில் ஏறும் என்றார். ஆக, முன்பு இரண்டு பக்கம் எழுதியவர் இப்போது ஏஐ கொடுத்த ஐந்து பக்கத்தையும் பார்த்து எழுதினார். ஏஐக்குக் கையும் இல்லை, வலியும் இல்லை.

ஆகஸ்டில் பள்ளியைப் பார்வையிடக் கல்வி அதிகாரி வந்தார். அச்செடுத்துக் கொடுக்க அவரிடமே அனுமதி கேட்டுவிடுவதென்று அன்புக்கரசி வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தார். அதிகாரியோ ஆறாம் வகுப்பு நோட்டில், கலவைகளைப் பிரிக்கும் பாடத்தில் நின்றுவிட்டார்.

“மாணவர்களைப் பள்ளிக்கு அருகிலுள்ள கடற்கரைக்கு அழைத்துச் சென்று உப்பளத்தைக் காட்டுதல்,” என்று நிதானமாக வாசித்தார். “ஏனுங்க டீச்சர், பெருந்துறைக்குக் கடல் எப்பங்க வந்துச்சு?”

அந்தப் பக்கத்தின் அடியில் தேதியோடு ரங்கநாயகியின் கையெழுத்து இருந்தது. பக்கத்தில் நின்ற தலைமையாசிரியை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்புக்கரசிக்குப் பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. “செல்போன் சொன்னதை அப்படியே எழுதிப்போட்டேனுங்க.”

“கையால எழுதறப்பக்கூடவா படிக்கலீங்க?”

“எழுதறப்பத்தானுங்க படிக்க முடியறதில்ல. இன்னும் எத்தனை வரி பாக்கின்னுதான் பார்த்துட்டு இருப்பேன். அச்செடுத்துக் குடுக்க விட்டீங்கன்னா உக்காந்து படிச்சுத் திருத்தீருவேனுங்க.”

அதிகாரி சிரிக்கவில்லை. நியாயந்தான் என்றார். தலைமையாசிரியை வழியாக ஒரு விண்ணப்பம் அனுப்பச் சொன்னார். கையால் எழுதியதாக இருக்கட்டும், அதுதான் முறை என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் செல்போன் ஒன்றரைப் பக்க விண்ணப்பம் கொடுத்தது. அன்புக்கரசி அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். படித்துவிட்டு அழித்தார். தன் கையாலேயே மூன்று வரி எழுதினார்: மணிக்கட்டு வலிக்கிறது. பாடக்குறிப்பை அச்செடுத்துத் தர அனுமதி வேண்டும். படித்துப் பார்த்துத்தான் தருவேன்.

மறுநாள் ரங்கநாயகி தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“ஏன் அம்மணி, இத்தனூண்டு இருந்தா மேல எப்படி அனுப்பறது? ஏஐகிட்டக் குடுத்து ஒரு பக்கத்துக்கு நீட்டி எழுதிட்டு வாங்க.”

அன்புக்கரசி தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார், இடது கையால்.