வீங்கின உதடும் ஒரே கேள்வியும்

மருந்துக்கடையில் கால் கடுக்க நிற்கும் சகாக்களே, நம் தொழிலில் கையை விட வாய்க்குத்தான் வேலை அதிகம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தங்க வயல் பஜாரில் உதடு வீங்கி வருகிறவர்கள் எல்லோரும் "அலர்ஜி மாத்திரை குடுங்க" என்றுதான் கையை நீட்டுவார்கள். நான் "அரிக்குதா?" என்று கேட்பேன். முறைப்பார்கள். முறைக்கட்டும், அந்த வீக்கம் தொண்டைக்கு இறங்கினால் உயிர் போய்விடும். எதனால் வீக்கம் என்று தெரியாமல் மாத்திரையைக் கொடுத்து அனுப்ப எனக்கு மனசு வராது.

குளவி

பேத்தமங்களாவிலிருந்து தக்காளி கொண்டுவந்த பெரியவரைக் குளவி கொட்டியிருந்தது. உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு. அரிக்கிறதா என்றேன். "பிச்சி எடுக்குதும்மா" என்றார். அரிப்பும் தடிப்பும் இருந்தால் அது அலர்ஜிதான், அலர்ஜி மாத்திரைக்குக் கட்டுப்படும். எடுக்கத் திரும்புவதற்குள் அவர் குரல் கரகரத்துவிட்டது. குரல் மாறிவிட்டால் மாத்திரையை நம்பக் கூடாது, அட்ரினலின் ஊசிதான். எதிரே நின்ற ஆட்டோவில் அவரை ஏற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஊசி போட்டதும் தேறிவிட்டார்.

மறுவாரம் ஒரு கூடை தக்காளியோடு வந்து கடைக்கே கேட்கும்படி சொன்னார்: "மாத்திரை கேட்டா ஆட்டோல ஏத்தி வுடுறியே, இன்னா கடம்மா இது?"

கத்திரிக்காய்

ராஜேந்திரன் சார் தொழிற்சாலையில் இன்ஜினியர். உதடு ஒரு பக்கம் உப்பி, மனைவியோடு வந்து நின்றார். அவர் கணக்கில் குற்றவாளி மனைவி வைத்த கத்திரிக்காய்க் குழம்பு. இதற்கு முன்பும் வீங்கியதாம், அப்போதும் அதே குற்றச்சாட்டுதானாம். அரிப்பில்லை, தடிப்பில்லை. என் சந்தேகம் வேறு பக்கம் போனது. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டு அட்டையை வாங்கிப் பார்த்தேன். 'ப்ரில்' என்று முடிகிற பெயர். அந்த வகை மாத்திரை மாதக்கணக்கில் சாதுவாக இருந்துவிட்டு, திடீரென்று உதட்டை வீங்க வைக்கும். அலர்ஜி மாத்திரைக்கு மசியாது.

அவருடைய டாக்டருக்கு உடனே போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனித்தார்கள், மாத்திரையையும் மாற்றினார்கள். அதோடு வீக்கம் நின்றது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இவருக்குப் பயந்து கத்திரிக்காயே வாங்கறதில்ல மேடம், இனிமே டெய்லி அதான்."

எந்த கேஜ்?

எங்கள் ஊர் நந்திதுர்க் பகுதியில் இருக்கும் கவிதா தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய் வேலை செய்கிற பெண். அவ்வப்போது கையோ முகமோ வீங்கும், வயிறு சுருட்டிப் பிடிக்கும். அரிப்பு கிடையாது. எந்த அலர்ஜி மாத்திரைக்கும் அது கட்டுப்படவில்லை. பி.பி. மாத்திரையும் இல்லை. மிச்சம் இருந்தது பரம்பரை.

வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்றேன். "இல்ல மேடம். அப்பா நான் கொழந்தையா இருக்கும்போதே கேஜ்ல போயிட்டாரு." பெங்களூர் டாக்டர்களிடமும் இதையே சொல்லியிருக்கிறாள். சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டில் விபத்து என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். நான் இந்த ஊர்க்காரி. இது சுரங்க ஊர், இங்கே உடம்புக்கு வந்ததைக்கூடச் சுரங்கத்து வார்த்தையில் ஷாஃப்ட், கேஜ் என்றுதான் பேசுவார்கள். பக்கத்தில் நின்ற அவள் அம்மாவிடம் கேட்டேன்: "எந்த கேஜும்மா? மைன்லயா?"

அந்த அம்மா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "இங்கம்மா. ஊட்லதான். மூஞ்சி வீங்கிச்சு, 'கேஜ் நடுவுல நின்னுடுச்சு'ன்னாரு. அப்பறம் பேசவே இல்ல." அப்பா எப்படிப் போனார் என்பது கவிதாவுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

விவரத்தை எழுதிக் கொடுத்துப் பெரிய டாக்டரிடம் அனுப்பினேன். ரத்தப் பரிசோதனையில் பரம்பரை வீக்கம் உறுதியானது. போன மாதம் அவளுக்கு ஆபீசில் தொண்டை இறுகியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஓடி, நோயின் பெயரை அவளே சொல்லியிருக்கிறாள். அதற்கான மருந்தை உடனே ஏற்றியதில் பிழைத்துவிட்டாள். ஜெயித்தோம். அவளைக் கூட்டிக்கொண்டு வந்து அம்மா சொன்னார்: "அவரு கேஜ் நின்னுபோச்சும்மா, எம் பொண்ணு கேஜ் மேல வந்துடுச்சு."

மருந்து கேட்டு வந்தவர்களை மருந்து கொடுக்காமல் அனுப்பியே பேர் வாங்கின கடைக்காரி இந்த பஜாரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.