வாசலில் ஒரு ஜோடி ஷூ

பர்சனல் ஆபீசர் சார், நீங்கள் பாதியைத்தான் சொன்னீர்கள். பாதியை மறைப்பதும் பொய்தான்.

என் அக்கா வீட்டு வாசலில் ஒரு ஜோடி சேஃப்டி ஷூ இருக்கிறது. மாமாவுடையது, அக்கா புருஷன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் முகம்தான் ஞாபகம் வருகிறது.

1991இல் மாமாவும் நானும் மறைமலை நகரில் ஒரே கம்பெனி, வேறு வேறு ஷிப்ட். குடும்பப் பென்ஷனில் சேராமல் விட்ட பழைய ஆட்கள் விரும்பினால் இப்போது சேரலாம், சனிக்கிழமை கடைசி நாள் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். பி.எஃப். பிடித்தத்தில் ஒரு சிறு பங்கு அதற்குப் போகும், அவ்வளவுதான். கேன்டீனில் எங்களைக் கூட்டி வைத்து நீங்கள் விளக்கினீர்கள். "செத்தா பொண்டாட்டிக்கு வரும். உயிரோட இருந்தா ஒண்ணும் வராது. யோசிச்சுக்கோங்க." ரிடையர் ஆகிறவனுக்கும் அதில் ஒரு தொகை உண்டு என்பதை நீங்கள் சொல்லவே இல்லை. சேருகிறவர்கள் குறைந்தால் உங்களுக்கு எழுத்து வேலை மிச்சம்.

மாமா சேருவதாகத்தான் இருந்தார். நீங்கள் சொன்னதை அப்படியே வீட்டில் போய்ச் சொன்னார். அன்று வெள்ளிக்கிழமை. தாலிச் சரட்டுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "என் தாலி எறங்குனா வர்ற காசுக்கு நீயே கையெழுத்துப் போடுவியா? நான் இன்னா பாவம் பண்ணேன்?" நமக்கு வயதான காலத்தில் வரும் பணம் என்று சொல்ல மாமாவுக்கு வழியில்லை. அந்தப் பாதி உங்களிடம் இருந்தது.

மறுநாள் காலை மாமாவின் ஷூவைக் காணவில்லை. ஷூ இல்லாமல் கேட்டில் விட மாட்டார்கள். ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. மாமா லீவு போட்டு, அக்காவை வாலாஜாபாத்துக்கு மேட்னி ஷோ கூட்டிப் போனார்.

ஒரு ஷூவைத் தேடத் துப்பில்லையா என்று ஞாயிற்றுக்கிழமை நான் கத்தினேன். மாமா சிரித்தார். "அரிசி டின்னுக்குப் பின்னாடி கீதுடா. நேத்து காலைலயே பாத்துட்டேன், உங்கக்கா வேலைதான். நான் கையெழுத்துப் போட்டுட்டா, தெனம் வூடு திரும்புற வரைக்கும் இவ பயந்துக்கினே இருப்பாடா. உங்கக்காவ அப்டி வெச்சிக்கினு எனக்கு சோறு எறங்குமா?"

இரண்டு வருடம் கழித்து, ஷிப்ட் நடக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பிழைக்கவில்லை. பி.எஃப். மொத்தமாக வந்தது, கடனுக்குப் போனது. அதே லைனில் வேலை செய்து, அன்று சேர்ந்து, பிறகு இறந்துபோன ஒருவரின் மனைவிக்கு இன்றும் மாதாமாதம் வருகிறது. அவளுக்குத் துணையாக பாங்குக்குப் போவது என் அக்காதான். இந்த வயதிலும் இருங்காட்டுக்கோட்டையில் பையன்கள் தங்கும் ரூம்களைப் பெருக்கித்தான் அவள் சாப்பிடுகிறாள்.

மாமா சொன்னதை வெகுநாள் கழித்து அக்காவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "அதான் அன்னிக்கு சினிமாவுல, அழுவுற சீன்லகூட அது சிரிச்சிக்கினே இருந்துச்சா" என்றாள்.

அந்த ஷூவுக்கு அவள் இன்னமும் பாலிஷ் போடுகிறாள். தினமும் சாயங்காலம் வாசலில் எடுத்து வைக்கிறாள். தெருவில் போகிறவன் உள்ளே ஆம்பளை இருப்பதாக நினைக்கட்டும் என்கிறாள்.

ரிடையர் ஆனவர்கள் கூட்டம் சங்கத்தில் மாதாமாதம் நடக்கிறது. வாருங்கள் சார். மைக்கைப் பிடித்து, அந்த மீதிப் பாதியை ஏன் சொல்லவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.