கேணிக்குள் ஒளித்த சோமசேகரம்

மலாயா இரயில்வேயில் இருபத்தெட்டு வருடம் மணிக்கூட்டைப் பார்த்தே வாழ்ந்தவர் பென்சன் எடுத்து ஊருக்கு வந்தால் என்ன செய்வார்? சாவகச்சேரிச் சோமசேகரம் தம் பேரப்பிள்ளைகளுக்கு நேர அட்டவணை போட்டார்.

ஒவ்வோர் ஓகஸ்ட் விடுமுறைக்கும் கொழும்பிலிருந்து மருமகள் குணலட்சுமி பிள்ளைகள் இருவரோடும் வந்து இறங்குவாள். அருந்ததிக்கு ஒன்பது வயது, சீவரத்தினத்துக்கு ஆறு. மகனுக்குக் கந்தோரில் லீவு கிடைப்பதில்லை. மனைவி போய்ச் சேர்ந்தபின் வீட்டில் தனியாக இருக்கும் சோமசேகரம் அவர்களை மறுநாளே கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே மடத்தில் பத்து நாள். காலை ஆறு மணிக்குத் தீர்த்தக் கேணியில் முதல் முழுக்கு, ஏழுக்குக் கோயில், எட்டுக்குப் பிட்டு, ஒன்பதுக்கு இரண்டாம் முழுக்கு, பதினொன்றுக்கு மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் கழுத்தில் தொங்கும் விசிலை ஊதுவார். மலாயாவில் அதைக் கேட்டு இரயில்கள் நின்றன. கீரிமலையில் ஆடுகள்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

சிரிக்காதீர்கள். மீதி முந்நூற்று ஐம்பத்தைந்து நாளும் இந்தப் பத்து நாளுக்காகவே அந்த மனிதர் சோறு தின்றார். 1937ஆம் ஆண்டு அது இன்னும் மோசம். "அடுத்த வருஷம் பிள்ளையள் என்ரை அம்மா வீட்டைதான் வருவினம்" என்று குணலட்சுமி சொல்லியிருந்தாள்.

அந்த ஆண்டு மடத்துக்குப் புறப்படும் அன்றுதான், உரும்பிராயில் அண்ணன் தியாகலிங்கம் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று ஆள் வந்து சொன்னது. தியாகலிங்கம் புகையிலைத் தோட்டக்காரர். தாம் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்து, தம்பியை இங்கிலிசுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர்.

"திரும்பி வந்து ஆறுதலாய்ப் பாப்பம்" என்றார் தம்பி. அட்டவணையில் உரும்பிராய்க்கு இடமில்லை.

இரயில் ஓடும்போதுதான் அவருக்கு வேறொரு பயம் பிடித்தது. அண்ணன் செத்தால் துடக்கு, சாவுத் தீட்டு. ஆண்வழிச் சொந்தம், முப்பத்தொரு நாள். துடக்குக்காரர் கோயில் வாசலை மிதிக்க முடியாது, மடத்தில் படுக்க முடியாது. பெட்டியைக் கட்டவேண்டியதுதான். பத்து நாளும் போச்சு!

ஆனால் துடக்கில் ஓர் ஓட்டை உண்டு. சாவுச் செய்தி காதில் விழுந்த பிறகுதான் அது தொடங்கும். விழாத காதுக்குத் துடக்கில்லை. இரயில்வேக்காரரின் மூளை அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் காலை இரண்டாம் முழுக்குக்கு இறங்கும்போது, வீதியில் ஒரு பெண் கலைந்த தலையோடு வேகமாக வருவதைக் கண்டார். தியாகலிங்கத்தின் மகள் இரத்தினம்மா. சோமசேகரம் பிள்ளைகளையும் விட்டுவிட்டுத் தொப்பென்று கேணிக்குள் விழுந்தார்.

அது ஆண்கள் கேணி. வளர்ந்த பெண் உள்ளே வரமாட்டாள். இரத்தினம்மா மதிலுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள்.

"சித்தப்பு! ஐயா…"

சோமசேகரம் முங்கினார். மூச்சு முட்டும்வரை கிடந்து மெல்லத் தலையை நீட்டினார்.

"சித்தப்பு, ஐயா உங்களை…"

மறுபடியும் முங்கினார்.

கேணிப் படியில் நின்ற ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், "என்ன நேத்திக்கடனோ? இது பதினோராவது முழுக்கு" என்றார்.

"நூற்றெட்டாக்கும். புண்ணியவான்!" என்று அவரும் கூடவே முங்கத் தொடங்கினார்.

இரத்தினம்மா அழுதுகொண்டு மடத்துக்குப் போனாள். அரைமணி கழித்து, விரல்கள் சுருங்கி வெளுக்க, சோமசேகரம் மடம் திரும்பியபோது அவள் போய்விட்டிருந்தாள். குணலட்சுமி அடுப்படியில் நின்றாள்.

"மாமா, இரத்தினம்மா மச்சாள் சொன்னவ…"

விசில் ஊதியது.

"இதென்ன விளையாட்டு? பெரியமாமா…"

விசில்.

"கேக்க விருப்பமில்லாட்டி விடுங்கோ. ஊதி ஊதி நெஞ்சு அடைச்சு விழுந்தால் அதையும் நான்தான் போய்ச் சொல்லவேணும்." அவள் அகப்பையைத் தட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

சோமசேகரம் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார். அண்ணன் இறந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. அவருடைய கணக்கில் அண்ணன் உயிரோடு இருந்தார்.

உண்மையிலும் உயிரோடுதான் இருந்தார்! ஐந்தாம் நாள் மத்தியானம் ஒரு மாட்டுவண்டி மடத்து வாசலில் வந்து நின்றது. வைக்கோல் மெத்தையில், எலும்பும் தோலுமாய், தியாகலிங்கம் படுத்திருந்தார். பக்கத்தில் இரத்தினம்மா.

"டேய் சேகரம்."

சோமசேகரத்தின் வாயிலிருந்து விசில் நழுவியது. "அண்ணை… நீங்கள்…"

"ஓம், நான்தான். உன்னைப் பாக்கவேணும் எண்டு பிள்ளையை அனுப்பினன். நீ தண்ணிக்குள்ளை கிடக்கிறாய், ஏறமாட்டாய் எண்டு வந்து சொன்னாள். சின்னனிலையும் நீ உப்பிடித்தான். அடி விழும் எண்டால் கிணத்துக்குள்ளை இறங்கி நிப்பாய். அப்ப நான்தான் வந்து தூக்கிறனான். இப்பவும் நான்தானே வரவேண்டிக் கிடக்கு?"

சீவரத்தினம் தாத்தாவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "அப்புவுக்கு அடியோ? பெரியப்பு, சொல்லுங்கோ, சொல்லுங்கோ!"

அதோடு அட்டவணை செத்தது. அதற்குத் துடக்குக் காத்தவர் எவருமில்லை. பிள்ளைகள் மடத்து விறாந்தையில் பெரியப்புவின் பாயை விட்டு அசையவில்லை. செம்பு செம்பாய்க் கேணித் தண்ணீர் கொண்டுவந்து அவர் காலில் ஊற்றினார்கள். சோமசேகரம் பள்ளிக்கூடத்துக்குப் போகப் பயந்து வைக்கோற்போருக்குள் ஒளித்த கதை, பூவரச மரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுத கதை என்று மூன்று நாளும் ஒரே சிரிப்பு. சோமசேகரம் ஒன்பது மணிக்கு விசில் ஊதினார். ஒருவரும் எழும்பவில்லை.

"நீங்கள் போய் முங்கிப்போட்டு வாங்கோ, அப்பு" என்றாள் அருந்ததி, திரும்பிப் பார்க்காமலே.

எட்டாம் நாள் பதினொரு மணி முழுக்குக்கும் அவர் தனியாகவே போனார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தண்ணீரில் நின்றார். வருடம் முழுக்கக் காத்திருந்தது அவர். பத்து நாளில் மூன்றை அள்ளிக்கொண்டு போனது வண்டியில் வந்த மனிதர்! அண்ணனிடம் இன்னும் ஒரு வார்த்தை தனியாகக் கதைக்கவில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. சரி, பின்னேரம் பார்க்கலாம். நாலு மணிக்கு இடமிருக்கிறது.

அதே நேரத்தில் விறாந்தையில், சீவரத்தினத்தின் கை தம் கைக்குள் இருக்க, தியாகலிங்கத்தின் மூச்சு நின்றது.

அருந்ததி ஓடிவந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளையை ஆண்கள் கேணியில் யார் தடுப்பார்? நேரே படியில் இறங்கினாள். கண்ணீர் மூக்கு வழியாகவும் ஒழுகிக்கொண்டிருந்தது.

"அப்பு! பெரியப்பு…"

சோமசேகரம் அவள் முகத்தைப் பார்த்தார். எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும், அந்த மனிதர், அறுபத்திரண்டு வயதில், முங்கினார்.

தண்ணீருக்குள் வெளுத்த தலைமயிர் பாசிபோல் அலைந்தது. குமிழிகள் வந்தன. அருந்ததி பாவாடையை ஒதுக்கிக்கொண்டு கடைசிப் படியில் உட்கார்ந்தாள். காலைத் தண்ணீரில் விட்டாள். மூக்கைத் துடைத்தாள்.

"நீங்கள் ஏறுங்கோ, அப்பு" என்றாள் குமிழிகளைப் பார்த்து. "நான் இருக்கிறன். சொல்லிப்போட்டுத்தான் போவன்."