பன்னிரண்டு மணி ஆகட்டும்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு சண்டை போட எனக்கு இப்போது தெம்பில்லை. நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், கோபப்படவே கூடாது என்று டாக்டர் வேறு சொல்லியிருக்கிறார். நான் சொல்லப்போவது யாரோ சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு நடந்தது. கனரக லாரி ஓட்டியே தலை நரைத்தவன் நான். சுடுகாட்டுச் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன். ஒரு பூனைகூட என்னைப் பயமுறுத்தியதில்லை. அந்த ஒரு ராத்திரி வரைக்கும்.

முதலில் தாளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் நானும் ஒரே வண்டியில் ஜோடி டிரைவர்கள். ஒருவன் ஓட்டும்போது மற்றவன் பின்னால் இருக்கும் படுக்கையில் தூங்குவான். பதினோரு வருஷம் அப்படி ஓடினோம். என் மனைவியின் குரலைவிட அவன் குறட்டையைத்தான் நான் அதிகம் கேட்டிருப்பேன். அவன் விரல் சும்மா இருக்காது. ஸ்டியரிங், கண்ணாடி, சாப்பாட்டு டப்பா, எது கைக்குக் கிடைத்தாலும் தட்டிக்கொண்டே இருப்பான். அதனால்தான் அந்தப் பேர். பள்ளிக்கூடத்தில் அப்பா பேர் என்ன என்று கேட்டதற்கு அவன் மகளே "தாளம்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அவன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

போன வருஷம் எங்கள் கம்பெனி ஜோடி டிரைவர் முறையையே எடுத்துவிட்டது. ஒரு வண்டிக்கு ஒரு ஆள் போதும் என்றார்கள். பின்னாலிருந்த படுக்கை காலியானது. நான் அவனைவிடச் சில மாதம் முன்னால் சேர்ந்தவன். அதனால் என்னை வைத்துக்கொண்டார்கள். அவனை அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான். அலைந்து திரிந்து அவன் வேறொரு சரக்குக் கம்பெனியில் சேர்ந்தான். அங்கே ஒரு விதி. மூன்று மாதம் ஓட்டி முடித்த பிறகுதான் மருத்துவக் காப்பீடு. அதுவரை தும்மினால்கூடச் சொந்தச் செலவு.

எங்கள் தொழிலைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியாது. லாரிக்குக் காப்பீடு உண்டு. பின்னால் இழுக்கும் டிரெய்லருக்கு உண்டு. உள்ளே இருப்பது வெறும் பிளாஸ்டிக் வாளியாக இருந்தாலும் அதற்கும் உண்டு. டயரில் காற்று குறைந்தால் ஆபீஸ் திரையில் சிவப்பு விளக்கு எரியும். டிரைவரின் ரத்தக் குழாய் அடைத்தால் எந்த விளக்கும் எரியாது. எங்களுக்குக் காப்பீடு வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நோய் வந்தால் ஓட்டத் தகுதியில்லை என்று வேலை போகும். வேலை போனால் காப்பீடு போகும். ஆக, நோய் வந்தவுடன் காப்பீடு போய்விடும். எந்த மகாராசன் உட்கார்ந்து யோசித்தானோ! அதனால் எங்களில் பாதிப் பேர் வலியை மென்று விழுங்கிவிட்டுத்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறோம்.

தாளமும் அப்படித்தான். சில வாரங்களாகவே இடது கை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது போனில் கூப்பிட்டேன்.

"கை எப்படிடா இருக்கு?"

"கையோட நிக்கல, மச்சான். தோளு, முதுகுன்னு ஊர்வலம் போகுது."

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் போயேன்டா."

"போறேன், போறேன். இன்னையோட மூணு மாசம் முடியுது. ராத்திரி பன்னெண்டுக்கு மேல நானும் உன்ன மாதிரி காப்பீட்டுக்காரன். நாளைக்கு மொத வேல அதான்."

"அது வரைக்கும் தாங்குமா?"

சிரித்தான். "மூணு மாசம் தாங்கினது இந்த ஆறு மணி நேரம் தாங்காதா?"

அதுதான் அவன் என்னிடம் உயிரோடு பேசிய கடைசிப் பேச்சு.

அன்று நல்ல மூடுபனி. நெடுஞ்சாலை காலியாகக் கிடந்தது. என் வண்டியின் வெளிச்சம் கொஞ்ச தூரம் போய், சுவரில் முட்டியது போல நின்றது. எனக்கும் சாயங்காலத்திலிருந்து தாடை லேசாக இழுத்துக்கொண்டிருந்தது. பல்வலி என்று நினைத்தேன். நெஞ்சு கொஞ்சம் கரித்தது. அவசரமாகச் சாப்பிட்டது வாயுவாகிவிட்டது என்று நினைத்தேன். நினைப்பதற்கா பஞ்சம்?

மணி பத்து இருபது. அப்போதுதான் அந்தச் சத்தம்.

டிங்... டிங்... டிங்...

சீட் பெல்ட் அலாரம். என் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. டேஷ்போர்டைப் பார்த்தேன். எரிந்த விளக்கு என்னுடையது இல்லை. பக்கத்து சீட்டினுடையது. ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால்தான் அது எரியும்.

பக்கத்து சீட்டில் எதுவும் இல்லை. பை இல்லை. தண்ணீர் பாட்டில்கூட இல்லை.

சென்சார் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். சத்தம் உயிரை எடுத்தது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எட்டி அந்தப் பக்கத்துப் பெல்ட்டை இழுத்துக் காலி சீட்டின் மேல் மாட்டினேன். சத்தம் நின்றது. அப்பாடா என்று மூச்சுவிட்டேன்.

கொஞ்ச தூரம் போயிருப்பேன்.

க்ளிக்.

பெல்ட் கழன்று, விர்ரென்று தன் இடத்துக்குப் போனது.

டிங்... டிங்... டிங்...

போன் அடித்தது. ஆபீசில் ராத்திரி வண்டிகளைக் கவனிக்கும் பெண். சின்ன வயசு, எங்களை எல்லாம் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணே, வண்டில யார ஏத்திருக்கீங்க?"

"யாரும் இல்லம்மா."

"பக்கத்து சீட்ல ஆள் இருக்குன்னு காட்டுதே. வேற ஆள ஏத்தக் கூடாதுன்னு தெரியும்ல?"

"சென்சார் கோளாறும்மா. கேபின் காமிரா இருக்குல்ல? அதப் பாரேன்."

அவள் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"உங்க பக்கம் நல்லாத் தெரியுது, அண்ணே. அந்தப் பக்கம்..."

"அந்தப் பக்கம் என்ன?"

"இருட்டா இருக்கு. அந்த சீட் மட்டும்... இருட்டா இருக்கு."

போனை வைத்தேன். கேபின் விளக்கைப் போட்டேன். சீட்டைப் பார்த்தேன். காலிதான். ஆனால் மெத்தை அமுங்கியிருந்தது. ஆள் உட்கார்ந்தால் அமுங்குமே, அப்படி.

உள்ளே குளிர ஆரம்பித்தது. ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் பக்கம் வெந்நீர் ஆவி மாதிரி அடித்தது. அந்தப் பக்கத்துத் தோள் மட்டும் மரத்துப்போனது. வலி நிவாரணித் தைலத்தின் நெடி எங்கிருந்தோ வந்தது. நான் தைலம் வைத்திருப்பதில்லை.

பிறகு...

டக். டக டக். டக்.

மெல்ல. டேஷ்போர்டின் மேல். அந்த ஓரத்தில்.

டக். டக டக். டக்.

பதினோரு வருஷம் கேட்ட சத்தம் எனக்குத் தெரியாதா?

"தாளம்?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சத்தம் நின்றது.

அவன் எண்ணுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் மணி போகும் சத்தம் கேட்டது. அதே நேரத்தில்...

பக்கத்து சீட்டிலிருந்தும் கேட்டது.

துணிக்குள் அமுங்கினாற்போல. சட்டைப் பையில் இருக்கும் போன் அடிக்கிற மாதிரி. அவன் போனின் மணிதான்.

யாரோ எடுத்தார்கள்.

மூச்சு. கனமான மூச்சு.

"டேய்... எங்கடா இருக்க?"

"அடுத்த கிளை ரோட்டுல இறங்கு, மச்சான்."

அவன் குரல்தான். ஆனால் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை.

என் காதோரத்திலிருந்து வந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. முடியவில்லை. அப்போது இண்டிகேட்டர் தானாக எரிந்தது. டிக்... டிக்... டிக்... பனிக்குள் கிளைச்சாலை திறந்தது.

நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்தியது போல இருந்தது. கண் இருட்டியது. ஸ்டியரிங்கில் என் கைகள் இருந்தன. அவற்றின் மேல்...

இன்னொரு கை.

குளிர்ந்த கை.

"பயப்படாத. நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். மூக்கில் குழாய். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து என் கால் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. கடுமையான மாரடைப்பாம். அரை மணி தாமதித்திருந்தால் வண்டியோடு நானும் எங்காவது பள்ளத்தில் கிடந்திருப்பேன் என்று டாக்டர் சொன்னாராம்.

"தாளத்துக்குப் போன் பண்ணிச் சொல்லு" என்றேன்.

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

இரண்டு நாள் என்னிடம் மறைத்தார்கள். மூன்றாம் நாள் தங்கச்சி வந்தாள். காரியம் எல்லாம் முடிந்திருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அழுது முடித்தவள் பேசுவது போலத் தணிந்த குரலில் பேசினாள்.

"அண்ணே, அவர் இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார். தெரியுமா உங்களுக்கு?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அன்னைக்கு எட்டு மணிக்கே வலி தாங்கல. இங்க வண்டிய ஓட்டிட்டு வந்துட்டார். எதிர்ல லாரி நிறுத்துற மைதானம் இருக்குல்ல, அங்கருந்து எனக்குப் போன் பண்ணார். வாசல் தெரியுதுன்னார். விளக்கு தெரியுதுன்னார். உள்ள போங்கன்னு கெஞ்சினேன், அண்ணே. பன்னெண்டு மணி ஆகட்டும்னார். இப்பப் போனா மொத்தப் பணமும் நம்ம தலையில விழும், பாப்பா படிப்புக்கு வச்சிருக்கறது அதோட போச்சு, கொஞ்ச நேரம்தான, உக்காந்திருக்கேன்னார். அப்புறம் போன எடுக்கல, தூங்கிட்டார்னு நெனச்சேன்."

சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"வாசலுக்கு எதிர்லயே உக்காந்திருந்திருக்கார், அண்ணே. எதிர்லயே."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். டிரைவரின் அழுகை அசிங்கமாக இருக்கும். கற்றுக்கொள்ளாத வேலையைச் செய்வது போல இருக்கும். அன்று அப்படித்தான் அழுதேன். எந்த நிமிஷத்தில் அவன் உயிர் போனது என்று யாருக்கும் தெரியாது. ஒன்பது மணிக்கு முன்னால் இருக்கும் என்று பார்த்த டாக்டர் சொன்னாராம். காலையில்தான் கதவை உடைத்து எடுத்திருக்கிறார்கள். உள்ளிருந்து பூட்டியிருந்தது. பனிக்கு இதமாக எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. நிற்கிற லாரியில் எஞ்சின் ஓடினால் டிரைவர் தூங்குகிறான் என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்? எங்கள் தொழிலில் செத்தவனுக்கும் தூங்குகிறவனுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

இதோடு முடிந்திருந்தால், அன்று வண்டியில் நடந்ததை வலியில் வந்த பிரமை என்று நானே ஒதுக்கியிருப்பேன். ரத்தம் மூளைக்குப் போகாவிட்டால் என்னென்னவோ தோன்றுமாம்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அவசரப் பிரிவு நர்ஸ் என்னைப் பார்க்க வந்தாள். ராத்திரி வேலை முடிந்து போகிற வழி. நடு வயசு. கையில் பையை மாட்டிக்கொண்டு, சொல்வதா வேண்டாமா என்று நின்றாள்.

"உங்களைக் கூட்டிட்டு வந்தாரே, அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"என்னை யாரு கூட்டிட்டு வந்தா?"

"தோள்ல சாச்சுத் தூக்கிட்டு வந்தார். உங்க வயசு, உங்களுக்கு ஒத்துக்காத மருந்து, எல்லாம் அவர்தான் கடகடன்னு சொன்னார். காப்பீடு இருக்கான்னு கேட்டேன். இவனுக்கு இருக்கு, நீங்க சீக்கிரம் பாருங்கன்னார்."

கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அவர் முகமும் சரியில்ல. வெளுத்துப் போயிருந்தார். நீங்களும் உக்காருங்க, உங்களையும் பாக்கணும்னு சொன்னேன். சுவர்க் கடிகாரத்தப் பாத்தார். மணி பதினொண்ணு. எனக்கு இன்னும் நேரம் ஆகலம்மான்னு சொல்லிட்டு வெளிய போயிட்டார். லாரி நிக்கிற பக்கமா."

அவள் நிறுத்தினாள். பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

"காலைல ஒருத்தர ஸ்ட்ரெச்சர்ல கொண்டு வந்தாங்க. நான்தான் துணிய விலக்கிப் பாத்தேன். அவரேதான், சார். அதே சட்டை. ஒடம்பு கட்ட மாதிரி வெறச்சிருந்துச்சு. செத்து ராத்திரி முழுக்க ஆயிருச்சுன்னாங்க."

"நீங்க... வேற யாரையாவது..."

"இல்ல, சார்." அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ராத்திரி அவர உக்கார வைக்கறதுக்காக மணிக்கட்டப் பிடிச்சேன். பழக்கம் பாருங்க, விரல் தானா நாடியத் தேடிருச்சு. கிடைக்கல. வெளிய பனியாச்சே, கை வெறச்சிருக்கும்னு நெனச்சு விட்டுட்டேன்."