உறியை ஏற்றியது யார்

நான் கல்யாணமாகி ராயக்கோட்டைப் பக்கம் வந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். அந்த வீட்டில் என் மாமனார்தான் உயரம். சந்தைக் கூட்டத்தில் அவரைத் தேட வேண்டியதில்லை, தலைப்பாகை தனியாகத் தெரியும். கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த எலும்பு என்று அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வார். நாங்களும் அதே களியைத்தான் தின்றோம். எங்களை மட்டும் அது ஏன் வளர்க்கவில்லை என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

சமையலறையில் அவருக்கு ஒரே ஒரு வேலை. தயிர்ச் சட்டி வைத்த உறியைப் பூனைக்கு எட்டாத உயரத்தில் உத்தரத்தில் கட்டியிருந்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அவர் வந்து, முக்காலி இல்லாமல் கையை நீட்டிச் சட்டியை இறக்கித் தருவார். தந்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே என் மாமியார் அவர் வரும்வரை யாரையும் சாப்பிட விடமாட்டார்.

நாலைந்து வருஷம் போயிருக்கும். ஒருநாள் நீட்டிய கை சட்டியின் அடியைத்தான் தொட்டது.

"ஏம்மா, உறிய ஏத்திக் கட்டினியா?"

"இல்லிங்க மாமா."

"பின்ன, அதுவா ஏறிக்கிச்சா?"

வயதானால் முதுகெலும்பு அமுங்கி ஆள் குறுகிப்போவது உண்டு என்று இப்போது டாக்டர் எனக்கே சொல்கிறார். அன்று அதெல்லாம் தெரியாது, கயிறு ஏறவில்லை என்பது மட்டும் தெரியும். வீண்பழி சுமந்ததில் எனக்கு எரிச்சல்தான். வெறுங்கையோடு திரும்பியவரின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. அவர் வயலுக்குப் போனபின் மாமியார் என்னை முக்காலியில் ஏற்றி, கயிற்றில் ஒரு முடிச்சை அவிழ்க்கச் சொன்னார். மறுநாள் சட்டி மாமாவின் கைக்கு வந்தது.

"இப்பத்தான் சரியா கட்டியிருக்கறே" என்று என்னைப் பாராட்டினார்.

இரண்டு வருஷத்தில் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. அதற்கப்புறம் தானியக் குதிரின் மேலிருந்து தாவினால் பூனைக்குத் தயிர் எட்டியது. மாமியார் வேப்பனப்பள்ளிக்காரர், கோபம் வந்தால் தெலுங்குதான். பூனையைத் தெலுங்கில் வாய் ஓயாமல் திட்டுவார், ஆனால் உறியை ஏற்றச் சொல்லமாட்டார்.

"குடிச்சா குடிச்சுட்டுப் போவட்டும்" என்பார். பாதி நாள் எங்களுக்குத் தயிர் இல்லை.

ஒரு மத்தியானம் மாமா உள்ளே வந்தபோது பூனை உறியில் தொற்றிக்கொண்டு சட்டியை நக்கிக்கொண்டிருந்தது. அதை விரட்டிவிட்டுக் கயிற்றை அண்ணாந்து பார்த்தார். அடுப்புப் புகையில் கறுத்த கயிற்றில், முடிச்சு இருந்த இரண்டு இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. நானும் மாமியாரும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பூனை வளந்துடுச்சு" என்றார்.

பிறகு அவரே முக்காலியை இழுத்துப் போட்டார்.

"முன்ன இருந்த எடத்துக்கே ஏத்திக் கட்டும்மா. இனிமே நீயே ஏறி எடு. நான் புடிச்சுக்கறேன்."

ஏறினேன். அவர் குனிந்து இரண்டு கையாலும் முக்காலியைப் பிடித்துக்கொண்டார். மூன்று கால் உள்ளது ஆடாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"கெட்டியாப் புடிச்சுக்கோங்க மாமா" என்றேன்.