ஆஸ்பத்திரிக்கு நான் வைத்த காற்றுவழி

ஈப்போவில் நான் போகிற பாங்கு புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது. சுற்றிலும் கண்ணாடி. வெளியே தார் ரோடு இளகி செருப்பில் ஒட்டுகிறது. உள்ளே கணக்கு எழுதும் சீனப் பெண் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பட்டப்பகலில் தலைக்கு மேல் வரிசையாகக் குழல்விளக்கு எரிகிறது. ஏர்கண்டிஷன் என்று ஒரு பெட்டி சுவரில் உட்கார்ந்து நாள் முழுக்க உறுமுகிறது. போன வாரம் எனக்குக் குளிரில் பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. அந்தப் பெண்ணிடம் ஜன்னலைக் காட்டி, திறந்துவிடும்படி கையால் சாடை காட்டினேன். அவள் பதறிப்போய் எனக்கு நாற்காலி போட்டு, சுடச்சுடத் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பெரியவருக்கு மயக்கம் வருகிறது என்று நினைத்துவிட்டாள் போல. குடித்துவிட்டு எழுந்துபோய் ஜன்னலைத் தொட்டுப் பார்த்தேன். அது திறக்கிற ஜன்னலே இல்லை. சுவருக்குப் பதிலாகக் கண்ணாடி, அவ்வளவுதான்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களும், என்னைப்போல் கடல் தாண்டி வந்தவர்களும், ஒரு பாங்கு ஜன்னலுக்கு இந்த ஆள் ஏன் இத்தனை வருத்தப்படுகிறார் என்று கேட்கலாம். வருத்தம் பாங்கின் மேல் இல்லை. சொல்கிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். ஆனால் இந்த ஈப்போ வட்டாரத்தில் என் கையால் எழும்பிய பள்ளிக்கூடங்களும் தபாலாபீசும் இன்றைக்கும் நிற்கின்றன. மலாயா என்று இருந்த தேசம் மலேசியா என்று பெயர் மாறிவிட்டது. என் கட்டடத்தில் ஒரு விரிசல் கிடையாது. நடுப்பகலில் அந்தத் தபாலாபீசுக்குள் போனால் விளக்குப் போடாமலே முத்திரையில் இருக்கிற எழுத்தைப் படிக்கலாம். மின்விசிறி இல்லாமலே சட்டை காயும். இந்த வித்தையை எந்தக் காலேஜும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு செட்டுதான் சொல்லித் தந்தது.

செட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வெடி மருந்து கலக்கிற அறையில் விளக்கு ஆகாது. கரண்டு கம்பி, மின்விசிறி எதுவும் ஆகாது. பொழுது விடிந்தால் வேலை, பொழுது சாய்ந்தால் கதவடைப்பு. எதிரெதிராகக் கதவுகள் இருக்க வேண்டும், அவை வெளிப்பக்கம் திறக்க வேண்டும். தீப்பட்டால் தள்ளிக்கொண்டு ஓடுவதற்கு. அப்படியானால் அந்த அறைக்கு வெளிச்சத்தையும் காற்றையும் யார் தருவது? கட்டுகிறவன்தான் தர வேண்டும். எந்த மாதம் வெயில் எந்தச் சுவரில் விழும், ஆடி மாதத்து மேற்குக் காற்று எந்த மூலையில் நுழையும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டி, அந்த வட்டாரத்தில் என்னைவிடக் குளிர்ச்சியாக செட்டு கட்டுகிறவன் இல்லை என்று பெயர் வாங்கினேன். நானும் சங்கரலிங்கமும் என்று சொல்ல வேண்டும். ஒரே சாந்துச் சட்டியை ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கியவர்கள் நாங்கள். ஜப்பான்காரன் சண்டை முடிந்த கையோடு நான் மலாயாவுக்குக் கப்பலேறினேன். அவன் ஊரிலேயே இருந்து பெரிய காண்டிராக்டர் ஆனான்.

இங்கே முதல் பள்ளிக்கூடத்தைக் கட்டியபோது எல்லா வகுப்புக்கும் எதிரெதிராக, வெளியே திறக்கும் கதவுகள் வைத்துவிட்டேன். கை பழகிய பழக்கம். பார்க்க வந்த வெள்ளைக்கார இஞ்சினீயர் கதவை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்து, எதற்கு என்று கேட்டார். தீப்பிடித்தால் ஓட என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். உங்கள் நாட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நெருப்பு வைப்பார்களா என்று அவர் கேட்க, ஆமாம் துரை, அதுதான் எங்கள் ஊர்த் தொழில் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் கதவை மாற்றச் சொல்லவில்லை.

நாலு காசு சேர்ந்ததும் ஊருக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். தீப்பட்டவர்களை மாட்டுவண்டியில் போட்டு விருதுநகருக்குக் கொண்டுபோவதற்குள் பாதி உயிர் போய்விடும். வெந்த உடம்புக்கு மருந்துக்கு முன்னால் குளிர்ச்சி வேண்டும். ஊருக்கு அப்போது கரண்டு வரவில்லை. நான் ஊருக்குப் போய் மனைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று சங்கரலிங்கம் வாயிலிருந்துதான் அந்த வார்த்தை வந்தது.

"செட்டு மாதிரியே கட்டிப்புடுவோம் மாப்ளே. நம்ம கைக்கு வந்தது அதான். இஞ்சினீயரு வந்து படம் போட்டா வெயிலத்தான் போடுவான்."

அப்படியே கட்டினோம். மேற்குப் பக்கச் சுவரில் தரையோடு தரையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள், அவற்றின் மேல் வெயில் படாமல் இறக்கிய சாய்ப்பு. கிழக்குப் பக்கச் சுவரில் கூரையை ஒட்டி வரிசையாகக் காற்றுவழி. காற்று தாழ நுழையும்; உள்ளே இருக்கிற சூட்டைத் தூக்கிக்கொண்டு உயரத்தில் வெளியேறும். மேல்தளத்தில் மண் கலயங்களை நெருக்கமாகக் கவிழ்த்து, அதன் மேல் சுண்ணாம்புச் சாந்து. வெயில் கலயத்துக்குள் இருக்கிற காற்றோடு நின்றுவிடும். மழைத்தண்ணீர் வீணாகாமல் கொல்லைத் தொட்டியில் இறங்கும். சிமெண்டை முடிந்தவரை தொடவில்லை. எல்லாம் சுற்றுவட்டாரத்துச் செங்கலும் சுண்ணாம்பும்தான். முதல் சித்திரையில், ஊர் முழுக்க ஈரத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு அலைந்தபோது, சும்மா இருந்தவர்களெல்லாம் நோயாளி பார்க்கிற சாக்கில் ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்தார்கள். நர்ஸ் ஞானம்மாள் கம்பை எடுத்துக்கொண்டு விரட்டினார்.

"அண்ணாச்சி, இம்புட்டுக் குளிர்ச்சியா கட்டாதீக. கொட்டாவி விட்டவனெல்லாம் காய்ச்சல்னு வந்து படுத்துக்கிடுதான்."

அந்தப் பேச்சை மடியில் கட்டிக்கொண்டுதான் ஈப்போவுக்குத் திரும்பக் கப்பலேறினேன். இங்கே எந்தக் கட்டடத்தை முடித்தாலும், இதைவிட நல்லதாக ஒன்று ஊரில் இருக்கிறது என்று கூலியாட்களிடம் சொல்லுவேன்.

மறுபடி ஊருக்குப் போனது சில வருஷம் கழித்து, ஒரு பங்குனியில். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை, பெட்டியோடு நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். வாசலில் மின்கம்பம் நின்றது. சந்தோஷமாகத்தான் இருந்தது. உள்ளே கால் வைத்ததும் அடுப்படியில் நுழைந்ததுபோல் முகத்தில் அடித்தது. கூரையில் மின்விசிறிகள் சுற்றி, மேலே இருந்த வெக்கையைக் கட்டிலுக்கு இறக்கிக்கொண்டிருந்தன. கிழக்குப் பக்கச் சுவரை நிமிர்ந்து பார்த்தேன். ஒரு காற்றுவழிகூட இல்லை. எல்லாவற்றையும் செங்கல் வைத்து அடைத்து, சிமெண்டு பூசி, பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். மேற்குப் பக்கத்து ஓட்டைகளும் அப்படியே. வண்ணத்துக்குள்ளும் அந்தப் பூச்சு எனக்குத் தெரிந்தது. ஓரத்தில் கட்டைவிரலால் இழுத்து முடிக்கிற பழக்கம் இந்த உலகத்தில் ஒருத்தனுக்குத்தான் உண்டு.

செய்தி கேட்டுச் சங்கரலிங்கமே வந்தான். இப்போது ஆஸ்பத்திரிக் கமிட்டித் தலைவர். கூட நாலு பேர்.

"வந்த காலோட செவுத்தத் தடவிக்கிட்டு நிக்கியே மாப்ளே. மொத வீட்டுக்கு வா, ஒரு வாய் சாப்பிடு."

"எதுக்குலே அடைச்ச?"

"ஃபேன் போட்டாச்சுல்ல. ஓட்டையும் இருந்து ஃபேனும் இருந்தா, எங்கிட்டுப் போறதுன்னு காத்துக்கே கொழப்பமாயிரும்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கரண்டு திறந்துவைக்கப் பெரிய மனிதர்கள் வந்தார்களாம். வருகிறவர்கள் கண்ணில் ஓட்டைச் சுவர் படக்கூடாது என்று ஒரே வாரத்தில் அடைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மாலை ஞானம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பகல்ல கரண்டு நின்னுபோச்சுன்னா இவுகளப் பாக்க முடியல அண்ணாச்சி. வெந்த தோலு. துணிய நனைச்சு நனைச்சுப் போடுதேன். சித்திரை பொறக்கதுக்குள்ள மேல இருக்கிற வழியவாவது தொறந்து விடச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாக."

நான் சொன்னால் கேட்பார்கள் என்றுதான் நானும் நம்பினேன். கமிட்டியைக் கூட்டச் சொன்னேன். விளக்கு எரியட்டும், மின்விசிறியும் சுற்றட்டும், கூரையை ஒட்டிய காற்றுவழியை மட்டும் திறங்கள், என் கையாலேயே திறந்து தருகிறேன் என்றேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சங்கரலிங்கம் எழுந்தான். என்னிடம் பேசுகிற மாதிரி இல்லை, கூட்டத்தைப் பார்த்துப் பேசினான்.

"நம்ம ஆளுக விடிஞ்சதுலருந்து எங்கன உக்காந்திருக்காக? செட்டுல. வெளக்கு கெடையாது, ஃபேன் கெடையாது, எதிரெதிரா ரெண்டு கதவு, வெள்ளையடிச்ச செவுரு. தீப்பட்டுத் தூக்கியாந்து இங்கன போட்டா, கண்ணத் தொறக்கையில அதே ரூமு. இங்கன ஒரு பிள்ள கட்டுப்போட்ட காலோட எந்திரிச்சு வெளிய ஓடுச்சே, பாத்தீகள்ல? இன்னும் செட்டுக்குள்ளயே கெடக்கோம்னு நெனச்சிருச்சு. மலாயாக்காரரு செட்டு மாதிரி கட்டுங்கன்னாரு, கட்டுனோம். அவரு துட்டு, எதுத்துப் பேச முடியுமா?"

மலாயாக்காரர். மாப்ளே இல்லை, பேர்கூட இல்லை. சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்று அவன் சொன்ன வார்த்தையைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டான். அந்தப் பிள்ளை ஓடியது நிஜமாக இருக்கலாம். நிஜம் என்றால் அதை எனக்கல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்? கதவை வேறு மாதிரி வைத்திருப்பேன், சுவருக்கு வேறு வண்ணம் அடித்திருப்பேன். காற்றை அடைக்காமல் அறையை மாற்ற எனக்கு ஆயிரம் வழி தெரியும். கடல் தாண்டிப்போய் வேறு பாஷைக்காரனிடம் பேர் வாங்கியவனுக்கு இது ஒரு வேலையா? ஆனால் கேட்கவில்லை. துட்டு கொடுத்தவன் என்று என்னை ஒதுக்கி உட்காரவைத்துவிட்டு, கட்டினவன் என்ற இடத்தை அவன் எடுத்துக்கொண்டான். அடைத்தது அடைத்தபடியே இருக்கட்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். முதலில் எழுந்த கை அவனுடையது. சுண்ணாம்பு தின்ற அந்த விரல்களை எந்தக் கூட்டத்திலும் எனக்கு அடையாளம் தெரியும்.

"கோவிச்சுக்காத மாப்ளே," என்று வெளியே வந்ததும் தோளைத் தொட்டான். "நீ வருவ, போவ. நான் இங்கன கெடந்து இவுக மொகத்துல முழிக்கணும்."

அந்தக் கையைத் தட்டிவிட்டு நடந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள், பொழுது சாய்கிற நேரத்தில், யாருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் கரண்டு போனது. மின்விசிறிகள் தளர்ந்து தளர்ந்து நின்றன. ஞானம்மாள் லாந்தரைத் தேடி ஓடினார். போகிறபோக்கில் என் கையில் ஒரு பனையோலை விசிறியைத் திணித்து, ஓரத்துக் கட்டிலைக் காட்டிவிட்டுப் போனார். கழுத்திலிருந்து கைவரை கட்டுப் போட்ட ஒரு பெண். அடையாளம் தெரியவில்லை. நான் போன பிறகு வாழ வந்தவளாக இருக்கும். பக்கத்தில் நின்று விசிறினேன். என் முதுகுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், காற்று வேப்பமரத்தைப் போட்டு உலுக்குகிற சத்தம் கேட்டது.

"லைட்டு வந்துருமா ஐயா?" என்றாள்.

"வந்துரும்மா. காத்து மேல படுதா?"

"காத்து கெடக்கட்டும். லைட்டு வந்தாப் போதும். இருட்டுல கெடக்க முடியல."

கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். லாந்தர் வெளிச்சம் தாழ்வாரத்தில் அசைந்து வருவது தெரிந்ததும் கொஞ்சம் தெளிந்தாள். அப்புறம்தான் என் பக்கம் கண்ணைத் திருப்பி, சலவைச் சட்டையையும் கைக்கடிகாரத்தையும் பார்த்தாள்.

"யாரப் பாக்க வந்தீக? எந்த ஊரு ஒங்களுக்கு?"

ஈப்போ என்று வாயெடுத்தேன், வரவில்லை. இந்த ஊர்தான் என்று சொல்லவும் வரவில்லை. விசிறியைக் கை மாற்றிக்கொண்டு, அவளுக்கு வீசிக்கொண்டே நின்றேன்.